போச்சுன்னு சொல்லணும்

கொஞ்சம் சன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுங்க தங்கச்சி. இல்ல, நீங்க இடிக்கல. ஒங்க முந்தி எம்மேல பட்டுச்சு, அம்புட்டுதான். எனக்கு அதுவே போதும். சேலை பட்டா வலிக்குத ஒடம்பு இது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். இந்தா, ஆசுபத்திரிச் சீட்டே இருக்கு, பாருங்க. கண்ணாடிக் காயிதம் ஒட்டி வச்சிருக்கேன், மழத்தண்ணி பட்டா எழுத்து அழிஞ்சிரும்லா. இந்த எடத்துல நீளமா எழுதியிருக்குல்ல, அதுதான் எனக்குள்ள நோய்க்குப் பேரு. பைப்ரோமயால்ஜியா. வாயில நொழைய ஆறு மாசம் ஆச்சு. இப்ப ஒறக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

இதக் காட்டித்தான் இந்த எடத்தையே வாங்குனேன். ஒரு தடியன் காலப் பரப்பிக்கிட்டு உக்காந்திருந்தாம்லா, பாத்தியளா? மேல மகளிர்னு எழுதிப் போட்டிருக்கு, அவன் பாட்டுக்கு உக்காந்திருக்கான். எந்திரிப்பான்னேன். ஒங்களுக்கு என்ன, நல்லாத்தான இருக்கியங்கான். எடுத்து நீட்டுனேன் பாருங்க, மூஞ்சிக்கு நேரா. என்னத்த வாசிச்சானோ, வாய மூடிக்கிட்டு எந்திரிச்சிட்டான். சீட்டு இல்லாட்டி இந்தக் காலத்துல ஒரு பய நம்ப மாட்டான்.

அந்தா நிக்காளே, பச்சச் சுடிதாரு, கம்பியக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, அவ எம்மவ. செண்பகா. ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல. பெரியாசுபத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போயிட்டு வாறேன், படம் எடுத்துப் பாத்தாச்சு, ரத்தம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாவ. சின்னக்கழுத, நிக்கட்டும். ஏட்டி, ரெண்டு காலையும் ஊனி நில்லு. கொடி மாதிரி வளையாத.

நீங்க எதுவரைக்கும்? தென்காசியா. சுரண்டையில சொந்தக்காரங்க யாரும் இல்லையே? அப்பஞ் சரி. இல்ல, கேட்டேன். இவளப் பொண்ணு பாக்க சுரண்டையிலருந்து வாற வெள்ளிக்கிழம வாராவ. மாப்பிள்ள செல்போன் ரிப்பேரு கட வச்சிருக்கான், குடியில்ல, பீடியில்ல, நல்ல எடம். இந்த நேரத்துல பொண்ண ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு அலையுதாவன்னு ஒரு சொல்லு போச்சுன்னா முடிஞ்சிச்சு. தாய்க்கு இருக்கு, அதான் மவளுக்கும் இருக்குன்னு முடிச்சுப் போட்டுருவாவ. ஊரு வாய மூட ஒலமூடி ஏது? அதான் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கதில்ல.

கொஞ்சம் கைய நீட்டிக்கிடுதேன் தங்கச்சி, ஒங்களத் தாண்டி. ம், போட்டாச்சு. ஒண்ணுமில்ல, பழைய டிக்கெட்டு, கசங்கிக் கெடந்துச்சு, வெளிய போட்டேன். சன்னல இழுத்து விடுங்க. பேட்டைக் காத்து பட்டா எனக்குத் தோளு ரெண்டும் வெட்டும்.

எம்பேரு ஆவுடையம்மா. பாவூர்சத்திரத்துல எறங்கி ரெட்டப்பிள்ள ஆவுடை வீடு எதுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாவ. இவளும் இவ அண்ணன் குமரேசனும் ரெட்ட. பத்து நிமிசம் முன்ன பின்ன. அவன் கேரளத்துல டைல்ஸ் ஒட்டப் போயிட்டான். ரெட்டப்பிள்ள பெத்தவ காலுக்கு ஒரு சத்தி உண்டும்பாவ, ஒங்க பக்கம் தெரியுமா? இடுப்புப் பிடிச்சிக்கிட்டாலோ முதுகுல சுளுக்கு விழுந்தாலோ அவ மிதிச்சாப் போயிரும். காலு முந்திப் பொறந்த ஆளும் மிதிக்கலாம், ஆனா எங்க ஊர்ல அப்படி ஒருத்தரும் இல்ல. நான் ஒருத்திதான்.

அதுக்கு மொற இருக்கு. செவ்வா, ஞாயிறு, விடியக்காலத்துல வெறும் வயித்தோட வரணும். வாசப்படிக்கு நேரா குப்புறப் படுக்கணும். நான் இடது கால வச்சி மூணு மிதி மிதிப்பேன். ஒவ்வொரு மிதிக்கும் போச்சான்னு கேப்பேன். அவிய போச்சுன்னு சொல்லணும். போகாட்டாலும் சொல்லணும், அதுதான் மொற. போகலன்னு ஒரு சொல்லு வாயிலருந்து வந்துட்டா வலி அங்கனயே குடியிருந்துக்கிடும், பொறவு எவன் வந்தாலும் கெளப்ப முடியாது. மூணாவது போச்சு சொன்ன பொறவு எந்திரிச்சித் திரும்பிப் பாக்காமப் போயிரணும். கூலி கெடையாது, ஒரு வெத்தல பாக்கு வச்சாப் போதும்.

இருவது வருசம் தங்கச்சி. எத்தன முதுகு! ஒருத்தர்கூட போகலன்னு சொன்னதில்ல. மார்க்கெட்டுல எங்க வீட்டு ஆளுகூட மூட்ட தூக்குத மாசானத்த நாலு பேரு கைத்தாங்கலாக் கொண்டாந்தாவ. ஆறடி ஆம்பள, புள்ளயாட்டம் முனங்குதான். மூணு மிதி. போச்சான்னேன், போச்சு மைனின்னான், கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி. எந்திரிச்சிச் சுவரப் பிடிச்சிக்கிட்டே நடந்து போனான். பொறவு அவன் மூட்ட தூக்க வரவே இல்ல, கேட்டுக்கிடுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் முக்காலியில உக்காந்து கொய்யாப்பழம் விக்கான். அது சோம்பேறித்தனம். சொகம் கண்ட ஒடம்பு. வலி அன்னைக்கே போயிட்டு, அவன் வாயாலயே சொன்னாம்லா.

அப்படிப்பட்ட காலுக்காரிக்கு வந்துச்சு பாருங்க. நாலு வருசம் ஆச்சு. மொதல்ல கழுத்து. பீடி சுத்துதவளுக்குக் கழுத்து வலி வரத்தான் செய்யும், தட்ட மடியில வச்சிக் குனிஞ்சா குனிஞ்சபடி பத்து மணிநேரம். அது சரியாப் போயிரும்னு விட்டேன். பொறவு தோளு, இடுப்பு, தொட, முட்டி, பாதம். இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க, களவாணிப் பய மாதிரி எடம் மாறும். ஒறங்கி எந்திரிச்சா ஒறங்குன மாதிரியே இருக்காது. ஊரே ஏறி மிதிச்சிட்டுப் போன கணக்கா இருக்கும். எந்திரிச்சி நிக்க அர மணிநேரம். பெருக்க வாரியல எடுத்தா வெரலு மடங்காது. பீடி எலைய வெட்டக் கத்திரி பிடிக்க முடியல. தட்டத் தூக்கி இவ மடியில வச்சேன். அப்ப இவ பன்னெண்டாவது முடிச்சிட்டு நர்சுக்குப் படிக்கணும்னு நின்னா. ஒரு வருசம் போவட்டும்ட்டின்னேன். நாலு ஆச்சு. எம்பேருல உள்ள பீடிக் கார்டுக்கு இவதான் சுத்துதா.

டாக்டருமார் சங்கதியச் சொல்லணுமே. அஞ்சு பேரு. ரத்தம் எடுத்தாவ, மூத்திரம் எடுத்தாவ, கழுத்துக்கு, இடுப்புக்கு, முட்டிக்குன்னு படம் எடுத்தாவ. எல்லாவனும் ஒண்ணுபோலச் சொன்னாவ. ஒண்ணுமில்லம்மா. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. ஒவ்வொரு தடவ படத்த வாங்கப் போகும்போதும் நான் கோமதியம்மன வேண்டிக்கிடுவேன், தாயே, எதையாவது காட்டிக்குடுன்னு. ஒரு எலும்பு தேஞ்சிருந்தாப் போதும், ஒரு நரம்பு பிதுங்கியிருந்தாப் போதும். வியாதி வேணும்னு வேண்டுன பொம்பள ஒலகத்துல நானாத்தான் இருப்பேன். ஒரு டாக்டருட்ட வாயத் தொறந்து கேட்டேபுட்டேன். ஒண்ணுமில்லன்னா ஏன் சார் வலிக்குன்னு. அவரு எம்மூஞ்சியப் பாத்தாரு. மணிய அடிச்சி அடுத்த ஆளக் கூப்புட்டாரு.

எங்க வீட்டு ஆளு கதை அத விட. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, நீ எதுக்கு நடிக்க, எந்திரிச்சி ஒலைய வையின்னாரு. நடிக்கேனாம்! கட்டுன நாள்லருந்து அந்த மனுசனுக்குச் சோறு பொங்குன கை இது. நடிக்கேனாம். வலியக்கூட மன்னிச்சிருவேன் தங்கச்சி, அந்தச் சொல்ல மன்னிக்க மாட்டேன். அன்னைக்கு அடுப்படியில உக்காந்து சொவத்துல தலைய முட்டி முட்டி அழுதேன். வலிக்குன்னு சொல்லுத ஒரு உசுரப் பாத்து நடிக்கன்னு சொல்ல ஒரு மனுசனுக்கு எப்படி நாக்கு வரும்? நீங்களே சொல்லுங்க.

ஏட்டி செண்பகா! என்னட்டி, கம்பியில தலைய வச்சிக்கிட்டு? வேசம் கட்டாத. நாலு பேரு பாக்காவ. நேரா நில்லு.

எங்க விட்டேன்? ஆங். கடையத்துக்குப் பக்கத்துல காலு முந்திப் பொறந்த ஒரு ஆளு உண்டு. எம்முதுக நானே மிதிக்க முடியாதுல்லா, அதனால எங்க வீட்டு ஆளு அவங்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. கடப்பாரை மாதிரி காலு. மிதிச்சாம் பாருங்க, உசுரு தொண்டக்குழிக்கு வந்துட்டு. போச்சான்னான். போச்சுன்னேன். மூணு மிதிக்கும் போச்சு, போச்சு, போச்சுன்னேன், இல்லாட்டி நாலாவது மிதிச்சிருவாம்லா. வலியா? வலி எங்க போவும், அங்கனதான் கெடந்துச்சு. பஸ்ஸுல வீடு வந்து சேருத வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு அழுதேன். ஆனா போகலன்னு சொன்னனா? சொல்லல. மொற தெரிஞ்சவ நான்.

கடைசியா ஒரு புண்ணியவதி கண்டுபிடிச்சா. பெரியாசுபத்திரியில வாதநோய்க்குன்னு ஒரு ரூம் இருக்கு, வெள்ளிக்கிழமதான் பாப்பாவ. டாக்டரம்மா, ஒங்க வயசுதான் இருக்கும். படத்தத் தூரமா வச்சிட்டாவ. கட்டவெரலால ஒவ்வொரு எடமா அமுக்குனாவ, பொடதி, தோளு, நெஞ்செலும்பு, முழங்கை, முட்டி உள்பக்கம். ஒவ்வொண்ணுக்கும் நான் கத்துதேன். அவிய கைய எடுத்துட்டு, அம்மா, இது நெசமான வலி, ஒங்க மனப்பிராந்தி இல்ல, வலிய ஒடம்பு அளவுக்கு மீறி உணருது, படத்துல தெரியாதுன்னாவ. நெசமான வலின்னு சொன்னாவ தங்கச்சி. நான் அந்த மேசையிலயே கவுந்து அழுதுட்டேன். மருந்தா கேட்டேன் நான்? அம்புட்டு நாளும் அந்த ஒரு சொல்லத்தான கேட்டேன்.

முழுசாப் போகாதுன்னும் சொல்லிட்டாவ. கூடவே வச்சிக்கிட்டுக் காலந்தள்ளணும். மாத்திர இருக்கு, தின்னா வாய் காயும், தல கிறுகிறுங்கும். காலம்பற பொழுது விடியுமுன்ன முழிச்சிருவேன், ஆனா எந்திரிக்க மாட்டேன். மொதல்ல வெரல மடக்கி நீட்டுவேன், பொறவு பாதம், பொறவு ஒருக்களிச்சிக் கையூணி எந்திரிப்பேன். சுடுதண்ணியில துணிய முக்கித் தோள்ல போடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு சோலிதான். தொவைச்சா பெருக்க மாட்டேன், பெருக்குனா தொவைக்க மாட்டேன். தலமுடிய இவளவிட்டு வெட்டிட்டேன், கையத் தூக்கிச் சீவ முடியல. சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் பைய நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ, நடக்கேன். நல்ல நாளுன்னு ஒண்ணு வரும், அன்னைக்கு ஆசப்பட்டு நாலு சோலி பாத்துட்டா அடுத்த மூணு நாளும் பாயிதான். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெளிய பாத்தா ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்லா.

அந்தச் சீட்ட வாங்குன அன்னைக்கே ஒட்டிட்டேன். வீட்டு ஆளு மூஞ்சிக்கு முன்ன ஆட்டிக் காட்டுனேன். அவரு அன்னையிலருந்து தண்ணி மட்டும் கோரித் தாராரு. ரேசன் கடையில காட்டுவேன், கல்யாண வீட்டுப் பந்தியில காட்டுவேன், கோயில் கூட்டத்துல காட்டுவேன். நடிக்கான்னு பேசுனவளுவல்லாம் இப்ப யம்மா பாவம்ங்காளுவ.

இப்ப இவ ஆரம்பிச்சா.

போன மாசம்லருந்து. முதுகு வலிக்கும்மா, தோளு வலிக்கும்மா, வெரலு மரத்துப் போவுதும்மா. நான் கண்டுக்கல. பீடி சுத்துதவளுக்கு முதுகு வலிக்காம மயிலு வந்து எறகு வீசுமா? பொறவு ஒரு நாளு காலம்பற பாயிலருந்து எந்திரிக்காம கெடக்கா. பொண்ணு பாக்க வாற தேதியச் சொல்லி அனுப்புன மறுநாளு, பாத்துக்கிடுங்க. என்னட்டின்னா, அம்மா, எனக்கும் ஒன்ன மாதிரியே வலிக்குங்கா.

ஒன்ன மாதிரியே!

இருவத்தியோரு வயசு. இவளுக்கு என்ன தெரியும் என்ன மாதிரி வலின்னா? நாலு வருசம் சீரழிஞ்சி வாங்குன வலி, இவளுக்கு ஒரு மாசத்துல வந்துட்டோ? பொழுதன்னைக்கும் என்னப் பாத்துப் பாத்துப் படிச்சிக்கிட்டா, அதான். அப்படி இருந்தா அவளுக்குச் சீட்டு எங்க? கேட்டேன். ஒனக்குச் சீட்டு இருக்காட்டின்னு கேட்டேன்.

அன்னைக்குச் செவ்வாக்கிழம. சரி, பெத்த பிள்ளைக்கு இல்லாத காலான்னு, வாசல்ல படுட்டின்னேன். வேண்டாம்மா, வேண்டாம்மான்னா. படுத்துட்டா. ஒரு வருசமா நான் யாரையும் மிதிக்கல, டாக்டரம்மா வேண்டாம்னுட்டாவ. லேசாத்தான் கால வச்சேன். போச்சாட்டின்னேன். போகலம்மாங்கா.

தங்கச்சி, இருவது வருசத்துல ஒரு முதுகு அப்படிச் சொன்னதில்ல. மொற தெரியாத பிள்ளையா? பொறந்ததுலருந்து இந்த வாசல்ல பாத்து வளந்தவ. போச்சுன்னு சொல்லுட்டி, சொன்னாத்தான் போவும்னேன். ரெண்டாவது மிதி. போகலம்மா, வலிக்கும்மாங்கா. தெருவுல ஆளு நடமாட்டம் ஆயிட்டு. பால்காரன் சைக்கிள நிறுத்திட்டுப் பாக்கான். மூணாவது. போகலங்கா. மூணுக்கும் போகலன்னா அங்கனயே தங்கிரும்லா, நான் எப்படி விடுவேன்? நாலாவது வச்சேன். அஞ்சாவது. சொல்லுட்டி, சொல்லித் தொலைட்டின்னு. ஒரு சொல்லு சொன்னா என்ன கொறஞ்சி போவா? எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. அழுதாளே ஒழிய அந்தச் சொல்லச் சொல்லல.

அன்னையிலருந்து எட்டு நாளு ஆச்சு, குனிய மாட்டேங்கா, தட்டத் தொட மாட்டேங்கா. எங்க வீட்டு ஆளு ஒரு வார்த்த சொன்னாரு. ஒங்காலுதான்ட்டி பிள்ள முதுக ஒடிச்சிட்டுன்னாரு. எங்காலா? எங்காலு என்ன பண்ணுச்சு? அதத் தெரிஞ்சிக்கிடத்தான் இன்னைக்கு வந்தேன். படம் எடுக்குத ரூமுக்கு வெளிய உக்காந்துக்கிட்டு கோமதியம்மன வேண்டிக்கிட்டேன். தாயே, ஒண்ணுமில்லன்னு வரணும். ஒண்ணுமே இருக்கக் கூடாது. படத்துல ஒரு கீறல் தெரியக் கூடாதுன்னு. தாயி கண்ணத் தொறந்துட்டா. எலும்புல ஒண்ணுமில்ல, ரத்தத்துல ஒண்ணுமில்ல. எனக்கு உசுரு வந்துட்டு. பாத்தியாட்டி, ஒண்ணுமில்ல, இம்புட்டு நாளும் நடிச்சிருக்கன்னு அங்கனயே வச்சிச் சொன்னேன். டாக்டரு வேற என்னமோ எழுதிக் குடுத்தாரு, அது கெடக்கு.

இந்தா, ஆலங்குளம் வந்துட்டு. எம்புட்டுக் கூட்டம் ஏறுது பாருங்க. ஏட்டி, உள்ள தள்ளி வா. ஏட்டி!

என்னட்டி இது? ஏட்டி, எந்திரி. பஸ்ஸுக்குள்ள கீழ உக்காருதா, பாருங்க தங்கச்சி. சுடிதாரு அழுக்காவும்ட்டி. எல்லாரும் பாக்காவ. எந்திரி. செண்பகா? மூஞ்சியெல்லாம் வேத்து ஊத்துதே.

என்ன கண்டக்டரே? உக்காந்தா உக்காந்துட்டுப் போறா, ஒமக்கு என்ன? வழிய மறிக்காளா? ஒம்ம அப்பன் வீட்டு வழியா? என்னது? சின்னப் பிள்ளதான, ஒடம்புல ஒண்ணுமில்லியா? நடிக்காளா? ஒய், யாரப் பாத்து நடிக்கான்னு சொல்லுதீரு? ஒண்ணுமில்லன்னு ஒமக்கு எவன் சொன்னான்? நீரு முதுகுக்குள்ள பூந்து பாத்தீரா? டாக்டரா நீரு? வலிக்குன்னு ஒரு பிள்ள தரையில உக்காந்திருக்கா, ஒம்ம நாக்கு அழுவிப் போவும்யா. இந்தா, வாசியும் இத, வாசியும். இங்கிலீசு தெரியும்லா? வயசு நாப்பத்தாறுன்னா போட்டிருக்கு? போட்டிருக்கட்டும். போதும், போய்க் கிழியும் டிக்கெட்ட.

ஐயோ தங்கச்சி, நீங்க எதுக்கு எந்திரிக்கிய. தென்காசி வரைக்கும் நிக்கணுமே. சரி, சரி. ஒங்க பிள்ளகுட்டி நல்லாருக்கும். வாட்டி, பைய, பைய வா. எங்கையப் பிடி. எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது, நீ பிடி. இப்படிச் சாஞ்சிக்கோ. முதுகத் தொடல, தொடல. எதுக்குட்டி இப்படிப் பதறி ஒதுங்குத? நான் என்ன மிதிக்கவா போறேன்?

ரொம்ப வலிக்காட்டி?

கேட்டியளா தங்கச்சி? கேட்டியளா என்ன சொல்லுதான்னு? போச்சும்மாங்கா.

அஞ்சு மிதி மிதிச்சும் வாங்க முடியாத சொல்லு. இப்ப தானாச் சொல்லுதா. போச்சும்மா, எல்லாம் போச்சு, நீ சத்தம் போடாத, வீட்டுக்குப் போவோம்ங்கா. அவ மூஞ்சியப் பாருங்க. ஒதட்டக் கடிச்சி ரத்தம் வந்திருக்கு. போன வலிக்கா இப்படி ஒரு மூஞ்சி?

கடையத்துலருந்து வரும்போது எம்மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும். மாசானம் திரும்பிப் பாக்காமத்தான போனான், அவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. ஒருத்தர் மூஞ்சியையும் பாத்ததில்ல தங்கச்சி, குப்புறல்லா படுத்திருப்பாவ.

குதிகாலாலதான் மிதிச்சேன். லேசால்லாம் வைக்கல. கடைசி ரெண்டும் குதிகாலு.

இவ ஒறங்கிட்டாளா பாருங்க. கண்ண மூடிட்டா. கொஞ்சம் காதக் குடுங்க. பேட்டையில சன்னல் வழியா ஒரு காயிதத்தப் போட்டேன்லா, டிக்கெட்டுன்னு சொன்னேன். டிக்கெட்டு இல்ல அது. டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டு. வாதநோய் ரூமுக்கு, அதே டாக்டரம்மாட்ட, வாற வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாங்கன்னு எழுதுனது. இவ பேரு அந்த ரூம் நோட்டுல ஏறக் கூடாதுன்னுதான் தூக்கிப் போட்டேன். வெள்ளிக்கிழம சுரண்டைக்காரங்க வேற வாராவ. காத்துல போயிட்டு, எங்க கெடக்கோ.

நீங்க படிச்சவிய மாதிரி இருக்கிய, அதான் கேக்கேன். சீட்டு இல்லாமப் போனா அந்த ரூம்ல பாப்பாவளா? தொரத்திருவாவளா? எஞ்சீட்ட எடுத்துக் காட்டி, இவ எம்மவதான், என்ன மாதிரியே இவளுக்கும் வலிக்குன்னு சொன்னா, பாக்க மாட்டாவளா தங்கச்சி?